பீர்த் தொட்டியில் ஒரு பிணமும் ஒரு கிண்ணம் சூப்பும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் போட்டது இரண்டே நிபந்தனை. சாப்பாட்டுக்கு முந்தைய பேச்சு என்பதால் இருபது நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. அடுத்தது, கெமிஸ்ட்ரி வேண்டாம். முதல் நிபந்தனையைக் காப்பாற்றி விடுவேன். இரண்டாவதற்கு உத்தரவாதம் தர இயலாது. நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு கொலையையும் ஒரு சூப்பையும். கெமிஸ்ட்ரி இல்லாமல் இரண்டுமே நடக்காது. (சிரிப்பு)

ஆங்கிலத்தில் 'கோஸி மிஸ்டரி' என்று ஒரு வகைத் துப்பறியும் கதை உண்டு. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, பக்கத்தில் சூடாக ஏதாவது வைத்துக்கொண்டு படிக்கிற கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலை நடக்கும், ரத்தம் அதிகம் தெறிக்காது. கண்டுபிடிப்பவர் போலீஸ்காரர் அல்ல. பேக்கரி வைத்திருக்கும் பெண்மணியோ, நூலகரோ, தையல் நூல் கடைக்காரரோ. ஊர் சின்னது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி பிடிபடுவான், ஊர் பழையபடி ஆகிவிடும். அதன் பிறகு, இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு மூன்று சமையல் குறிப்புகள் இருக்கும்! நம் பாக்கெட் நாவல்களில் பின் அட்டைக்கு முன்னால் ஊறுகாய் விளம்பரம் வரும். அவர்கள் ஊறுகாய் போடும் முறையையே கொடுத்து விடுகிறார்கள்.

இந்த வகையில் எல்லி அலெக்சாண்டர் என்பவர் 2017ல் எழுதிய 'டெத் ஆன் டேப்' என்ற நாவல் கைக்கு வந்தது. எல்லி அலெக்சாண்டர் என்பது புனைபெயர். கேட் டயர்-சீலி என்பது அந்த அம்மாளின் பெயர். கதை நடக்கும் ஊர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள லெவன்வொர்த். கற்பனை ஊர் அல்ல, கேஸ்கேட் மலையின் கிழக்குச் சரிவில் நிஜமாகவே இருக்கிறது. ஒரு காலத்தில் மரம் அறுக்கிற ஊர். 1920களில் ரயில் பாதையை வேறு பக்கம் திருப்பி விட்டார்கள், ஊர் படுத்துவிட்டது. 1960களில் ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, நம்மைச் சுற்றித்தான் மலை இருக்கிறதே, ஜெர்மனியின் பவேரியா மாதிரி வேஷம் போட்டுக்கொண்டால் என்ன என்று முடிவு செய்தார்கள். மரப் பால்கனி, பூந்தொட்டி, சுவரில் சித்திரம் என்று கடைவீதி முழுவதையும் மாற்றிக் கட்டினார்கள். இன்று அந்த வேஷம்தான் ஊருக்குச் சோறு போடுகிறது. இலையுதிர் காலத்தில் அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழா வேறு. அதே மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கில்தான் அமெரிக்காவின் ஹாப்ஸ் பூவில் பெரும் பங்கு விளைகிறது. பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது இந்தப் பூ.

கதையின் நாயகி ஸ்லோன், புகுந்த வீட்டாரின் பீர் ஆலையில் வளர்ந்த கைகாரி. புருஷன் சரியில்லை என்று தெரிந்ததும் வெளியே வந்து, 'நைட்ரோ' என்ற சின்னஞ்சிறு ஆலையில் வேலைக்குச் சேர்கிறாள். ஒரு நாள் அங்கே நொதிக்கும் தொட்டிக்குள் ஒரு பிணம். செத்தவன் போட்டி ஆலைக்காரன். கையில் நைட்ரோவின் ரகசியச் செய்முறைத் தாள். போலீஸ் பிடித்துப் போவது யாரை என்றால், அவளுடைய புருஷனையே! "துரோகி, சரி, கொலைகாரனா?" என்று அவள் துப்புத் துலக்கக் கிளம்புகிறாள். கொலையாளி யார் என்பதைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இங்கே இருக்கிற ஆங்கில இலக்கிய மாணவிகள் என்னைச் சும்மா விட மாட்டார்கள்.

ஆனால் ஒன்று. பத்து பக்கம் தாண்டுவதற்குள் எனக்கு ஒரு ஆசாமி மேல் சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஆசாமி கதை மாந்தர் பட்டியலிலேயே இல்லை. கரியமில வாயுதான் அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றால் ஏறக்குறைய பாதி எடை ஆல்கஹாலாகவும் மறுபாதி கரியமில வாயுவாகவும் வெளியே வரும். ஒரு லிட்டர் மால்ட் சாற்றில் நொதிக்கக் கூடிய சர்க்கரை 100 கிராம் என்று வைத்தால், சுமார் 25 லிட்டர் வாயு. ஆயிரம் லிட்டர்த் தொட்டி, அதாவது நம் வீட்டு மொட்டை மாடியில் நிற்கிற கறுப்பு சின்டெக்ஸ் அளவு, 25,000 லிட்டர் வாயுவைக் கக்கும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம், அதை ஏறத்தாழ நிரப்பி விடும். நல்ல ஆலைகளில் குழாய் வைத்து வெளியே விடுகிறார்கள். இல்லாவிட்டால், காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால், அது தொட்டிக்குள்ளேயும் தரையோரத்திலும் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் இது 0.04 சதவீதம். 4 சதவீதம் வந்தாலே உயிருக்கு ஆபத்து என்று வரையறுத்திருக்கிறார்கள். 10 சதவீதத்துக்கு மேல் போனால் ஆள் ஒன்றிரண்டு நிமிஷத்தில் நினைவிழந்து விழுவான். அடி விழவில்லை, கத்தி இல்லை, கைரேகை இல்லை.

நம் கிராமங்களில் பாழுங்கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்காதே. புத்திசாலித்தனமான யோசனைதான், ஆனால் பாதிதான் சரி. விளக்கு அணையாமல் எரிகிற அளவிலேயே மனிதனுக்குத் தலை சுற்றிவிடும். சாக்கடைக் குழியில் மீத்தேன் இருந்தால் அதே விளக்கு வெடிக்க வைக்கும்.

இப்போது ஏன் சாக்கடைக்கு வந்தேன் என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் பேசக் கூடாததுதான். ஆனால் பீர்த் தொட்டியும் செப்டிக் டேங்கும் எங்கள் பாஷையில் ஒரே வகுப்பு. மூடிய இடம், குறுகிய வாய், உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒன்றில் கரியமில வாயு மட்டும்; மற்றதில் அதோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும். அழுகின முட்டை நாற்றம் என்று லேபில் படித்தோமே, அது. 100 பி.பி.எம். அளவில் அது மூக்கையே மரக்க வைத்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம்.

முதல் ஆள் விழுவான். மேலே நிற்கிறவன் என்ன செய்வான்? தம்பியோ, மச்சானோ, கூட வேலை பார்ப்பவனோ, யோசிக்காமல் குதிப்பான். அவனும் விழுவான். அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986ல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. "செப்டிக் டேங்கில் விஷவாயு தாக்கி மூவர் சாவு" என்று நாம் பேப்பரில் படிக்கும்போது அந்த மூன்று என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1948ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 36வது பிரிவிலேயே, தொட்டிக்குள் ஆள் இறங்க வேண்டுமானால் வாயு இல்லை என்று தகுதியான ஒருவர் எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையேல் சுவாசக் கருவியும், கயிறு கட்டிய பெல்ட்டும், கயிற்றின் மறுமுனையைப் பிடித்து வெளியே ஓர் ஆளும் வேண்டும் என்று இருந்தது. ஆலைக்குள் ஓரளவு நடந்தது. ஆலைக்கு வெளியே தெருவில்? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013ல் வந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதும் அதில் குற்றம். 2014ல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இவ்வளவுக்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் அரசு வைத்த கணக்குகளில் தமிழ்நாட்டின் பெயர் முன் வரிசையிலேயே வந்தது. இறங்குகிறவர் எந்தச் சாதிக்காரர் என்பது எந்த ஊரிலும் மாறவில்லை. கோஸி மிஸ்டரியில் ஒரு பிணம் விழுந்தால் ஊரே "யார் செய்தது?" என்று கேட்கும். இங்கே யாரும் கேட்பதில்லை. கான்ட்ராக்டர் பெயர் எஃப்.ஐ.ஆரில் வரும், அவ்வளவுதான்.

மாணவர்களுக்காக ஒரு செய்தி சொல்லிவிட்டு மேலே போகிறேன். கேரளத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்த சில இளைஞர்கள் மேன்ஹோலுக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் ரோபோ ஒன்றைச் செய்தார்கள். 2018ல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. பெயர் 'பாண்டிகூட்', அதாவது பெருச்சாளி. நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் செப்டிக் டேங்குக்கென்று ஒன்று செய்திருக்கிறார்கள். உங்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு யாரோ பழைய பைண்டிங்கை விலைக்கு வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். (சிரிப்பு) அதற்குப் பதில் இந்த மாதிரி ஏதாவது பாருங்கள்.

சரி, பீருக்குத் திரும்புவோம். பீர் ஆலை மர்மம் என்றால் நாவலைவிட நிஜத்தில் நடந்த ஒன்று எனக்கு உசத்தி. அதுவும் இலையுதிர் காலக் கதைதான்.

வருஷம் 1900. இங்கிலாந்தில் மான்செஸ்டரும் அதைச் சுற்றிய ஊர்களும். பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். கை கால் எரிச்சல், மரமரப்பு, நடை தள்ளாட்டம்; சிலருக்கு எழுந்து நிற்கவே முடியவில்லை. டாக்டர்கள் என்ன எழுதினார்கள்? 'குடியால் வந்த நரம்பு வாதம்'. குடிக்கிறவன், ஏழை, வேறென்ன கேட்க வேண்டும்? கேஸ் மூடியாகிவிட்டது. மாதக் கணக்கில் இப்படியே போயிற்று.

எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்று ஒரு டாக்டர். அவர் மட்டும் மூன்று விஷயத்தைக் கவனித்தார். ஒன்று, பல பேருக்குத் தோல் கறுத்திருந்தது. அக்கியும் வழக்கத்துக்கு மேல் வந்திருந்தது. அந்தக் காலத்தில் மருந்தாகவே ஆர்சனிக் கொடுத்தார்கள். அதைத் தின்றவர்களுக்கு இதெல்லாம் வரும் என்று மருத்துவ உலகத்துக்குத் தெரியும். இரண்டு, குடிதான் காரணமென்றால் விஸ்கி போன்ற கடும் சரக்கு அடிக்கிறவன் அல்லவா முதலில் படுக்க வேண்டும்? அவன் நன்றாக நடமாடுகிறான். படுத்தவன் எல்லாம் பீர் குடித்தவன். மூன்றாவது, எல்லாருமே மொடாக்குடியர்கள் அல்ல. ஆக, ஆல்கஹால் குற்றவாளி அல்ல. பீரில் வேறு எவனோ ஒளிந்திருக்கிறான்.

நோயாளிகள் குடித்த பீரை வாங்கி வந்து ரைன்ஷ் சோதனை செய்தார். நம்மில் பழைய ஆட்கள் செய்திருப்போம். 1841ல் ரைன்ஷ் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தது. திரவத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, பளபளவென்று தேய்த்த தாமிரத் தகட்டைப் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். ஆர்சனிக் இருந்தால் தகட்டின் மேல் சாம்பல் கறுப்பாகப் படியும். தகடு கறுத்தது.

பிறகு துப்பு நூல் பிடித்த மாதிரி பின்னோக்கி ஓடுகிறது. விஷம் பல ஆலைகளின் பீரில் இருக்கிறது. இந்த ஆலைகளுக்குள் என்ன பொதுவானது? மால்ட்டோடு சேர்த்து மலிவான குளுக்கோஸ் சர்க்கரை போடுகிறார்கள். சர்க்கரை எங்கிருந்து? லிவர்பூலில் பாஸ்டாக் கம்பெனி. ஸ்டார்ச்சைக் கந்தக அமிலத்தில் வேக வைத்துத்தான் அந்தச் சர்க்கரை செய்வது. அமிலம் எங்கிருந்து? லீட்ஸில் நிக்கல்சன் கம்பெனி. அமிலம் எதிலிருந்து? பைரைட்ஸ் என்ற தாதுக் கல்லிலிருந்து. அந்தக் கல்லிலேயே ஆர்சனிக் இருந்தது. முன்பெல்லாம் ஆர்சனிக் நீக்கிய அமிலம் போய்க்கொண்டிருந்தது. 1900ல் நீக்காத அமிலம் போக ஆரம்பித்தது. இது சாப்பாட்டுச் சாமானுக்குப் போகிறது என்று எங்களிடம் சொல்லவில்லையே என்றது அமிலக் கம்பெனி. வாங்கியவர்கள் சோதிக்கவில்லை. அவர்களிடம் வாங்கிய ஆலைகளும் சோதிக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் 6,000 பேருக்கு மேல்; இறந்தவர் 70 பேர் அளவில்.

லார்டு கெல்வின் தலைமையில் ராயல் கமிஷன் போட்டார்கள். ஆமாம், நாம் வெப்ப இயக்கவியலில் பயந்து பயந்து படித்தோமே, அதே கெல்வின்தான். அவர்கள் தோண்டியபோது இன்னொரு பூதம் வந்தது. சர்க்கரையே போடாத பீரிலும் கொஞ்சம் ஆர்சனிக்! மால்ட்டை உலர்த்தும் சூளையில் எரிக்கும் கரியிலிருந்து வந்தது. திரவ உணவில் ஒரு காலனுக்கு நூறில் ஒரு பங்கு கிரெயினுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு சொன்னார்கள். நம் அளவில் லிட்டருக்கு சுமார் 0.14 மில்லிகிராம். 1904ல் பாஸ்டாக்குக்கும் நிக்கல்சனுக்கும் வழக்கு நடந்தது. செத்தவர்களைப் பற்றிய வழக்கு அல்ல அது. சரக்கு சரியில்லை, யார் யாருக்கு எவ்வளவு பணம் என்பது பற்றியது.

கொலையாளி யார் என்று கேட்டால் இந்தக் கதையில் பதில் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அதைவிட உறுத்துவது டாக்டர்கள் எழுதிய அந்த முதல் வரிதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபது பேருக்கு மேல் உயிரை எடுத்தபோது, டீக்கடையில் நின்று கேட்டேன்: "குடிச்சான், செத்தான், இதுக்கு எதுக்கு சார் நிவாரணம்?" மெத்தனாலை யார் விற்றான், எந்தப் பீப்பாயிலிருந்து எந்த வண்டியில் வந்தது என்று கேட்ட ஆள் அந்தக் கடையில் இல்லை. நூற்றிருபத்து நாலு வருஷம் கழித்தும் அதே நோட்டுப் புத்தகத்தில் அதே வரி.

மணியைப் பார்த்துக்கொண்டே செயலாளர் கண் காட்டுகிறார். சூப்பு பாக்கி இருக்கிறது.

குளிர் நாடுகளில் இலைகள் பழுத்து உதிரும்போது செய்கிற சூப்புகளில் பீர்-சீஸ் சூப்புக்கு ஒரு தனி இடம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர்கள் இதைத் தங்கள் சொத்து என்பார்கள். பூர்வீகம் ஜெர்மனிப் பக்கம். காபி வருவதற்கு முன்னால் அங்கே காலைச் சாப்பாடே பீர் சூப்புதான். ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் குடிப்பார்கள், நாம் பழையதில் வெங்காயம் கடித்துக்கொள்வது போல.

நாலு பேருக்கு: வெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயம், காரட், கொஞ்சம் செலரி போட்டு வதக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது. மைதா மூன்று மேசைக்கரண்டி தூவி, பச்சை வாசனை போகும்வரை கிளறுங்கள். காய்கறி வேக வைத்த தண்ணீர் இரண்டு கப், பீர் ஒரு சின்ன பாட்டில், சிறுகச் சிறுக விட்டுக் கட்டி தட்டாமல் கலக்கி இருபது நிமிஷம் கொதிக்கட்டும். பால் ஒரு கப். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் துருவிய செடார் சீஸ் 200 கிராமைப் பிடி பிடியாகப் போட வேண்டும். கொதிக்கும்போது போட்டால் சீஸில் உள்ள புரதம் சுருண்டு, கொழுப்பு தனியே பிரிந்து, மணல் மாதிரி ஆகிவிடும். மைதாவில் உள்ள ஸ்டார்ச் இடையில் நின்று அதைத் தடுக்கிறது. பீர் எது என்பதும் முக்கியம். நாவலில் வருகிற மாதிரி ஹாப்ஸ் தூக்கலான ஐ.பி.ஏ. வேண்டாம். தண்ணீர் வற்ற வற்றக் கசப்பு மட்டும் மிஞ்சும், கஷாயமாகிவிடும். மால்ட் தூக்கலான பழுப்பு பீர்தான் சரி.

'கொதிக்க வைத்தால் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிவிடும், தைரியமாகச் சாப்பிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி 15 நிமிஷம் கொதித்தால் 40 சதவீதம் மிச்சம் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் 25 சதவீதம். ஆகவே தொடாதவர்கள் தொட வேண்டாம். அந்த ஒரு பாட்டிலுக்குப் பதிலாக வறுத்த பார்லியை வேக வைத்து வடித்த தண்ணீரும் கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சையும் விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். சீஸைப் பாதியாக்கி, வேக வைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு கப் சேர்த்தால் நிறமும் வரும், வயிறும் கனக்காது.

மிளகு மட்டும் கஞ்சத்தனம் இல்லாமல் போடுங்கள். வெள்ளைக்காரன் நம் 'மிளகுத் தண்ணீரை' வாங்கிக்கொண்டு போய் 'முல்லிகட்டானி' என்று சூப்பு ஆக்கினானே, அந்த உரிமையில் நாம் அவன் சூப்பில் ஒரு கரண்டி கூடப் போடலாம். மேலே பொரித்த ரொட்டித் துண்டு. அதுவும் நேற்றைய ரொட்டியாக இருந்தால் மொறுமொறுப்பாக வரும்.

பந்தியில் இலை போட்டாயிற்று என்று சொல்கிறார்கள்.